மேடையில் மொழி, கப்பலில் மக்கள்: மார்ட்டீன் ஓ கைன் என்னும் ஐரிஷ் எழுத்தாளர்

சில மாதங்களுக்கு முன் நம் வாசிப்பு வட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "நம்ம ஜனங்களைப் பத்தி எழுதும்போது அவங்களுக்குள்ள இருக்கிற சண்டை, பொறாமை, புறணி இதையெல்லாம் எழுதலாமா தோழர்? நாளைக்கு அதையே எடுத்து நம்மளை அடிக்க மாட்டாங்களா?" அன்று இரவு வரை விவாதம் நடந்தது. எழுதத்தான் வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நம்மைப் பற்றி ஏற்கெனவே ஆயிரம் அவதூறு இருக்கிறது, நாமும் ஏன் சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். முடிவு எட்டாமலே கலைந்தோம்.

அதன் பிறகுதான் ஒரு ஐரிஷ் எழுத்தாளரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. பெயர் மார்ட்டீன் ஓ கைன். 1906-ல் பிறந்து 1970-ல் இறந்தவர். தன் கதைகளை ஐரிஷ் மொழியில் எழுதியவர். பள்ளி ஆசிரியர், நிலத்துக்காகப் போராடியவர், விசாரணை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டவர், அரசு அலுவலக மொழிபெயர்ப்பாளர், கடைசியில் பேராசிரியர். அந்த மாணவியின் கேள்விக்கு இவர் ஒரு நாவலாகவே பதில் எழுதியிருக்கிறார். அந்தப் பதில் விளங்க வேண்டுமானால் அவருடைய வாழ்க்கையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். அயர்லாந்தில் நடந்தது சாதி ஒடுக்குமுறை அல்ல. காலனி ஆட்சியும் நிலவுடைமையும் மதமும் மொழியும் பின்னிய வேறொரு ஒடுக்குமுறை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் இரண்டுமே புரியாமல் போகும். ஆனால் ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து படித்து மேலே வந்த ஒருவர் தன் மக்களுக்காக என்ன செய்தார், அவர்களை எப்படி எழுதினார் என்பது நமக்கும் பாடம்தான்.

ஏழைகளின் மொழி

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தில் லட்சக்கணக்கானோர் பேசிய மொழி ஐரிஷ். ஆனால் அது யாருடைய மொழி என்று பார்க்க வேண்டும். நீதிமன்றம், நிர்வாகம், வணிகம், பல்கலைக்கழகம் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. ஐரிஷ் பேசியவர்கள் பெரும்பாலும் குத்தகை விவசாயிகள், கூலிகள், மீனவர்கள். 1831-லிருந்து அரசு தொடங்கிய தேசியப் பள்ளிகளில் பாடம் ஆங்கிலத்தில்தான். பல ஊர்களில் குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஐரிஷ் பேசும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வெட்டு விழும். மாலையில் வெட்டுகளை எண்ணி அடி விழும்.

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்து வந்த பெரும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மடிந்தார்கள். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் மக்கள் கப்பலேறினார்கள். நாட்டில் வேறு தானியம் இல்லாமல் இல்லை. பஞ்ச காலத்திலும் அயர்லாந்திலிருந்து உணவுப் பொருள்கள் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. வாங்கப் பணமில்லாதவர்கள் செத்தார்கள். செத்தவர்களில் ஐரிஷ் பேசிய மேற்குக் கரை ஏழைகள் மிக அதிகம். 1851 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசுவோர் சுமார் 15 லட்சம். 1911-ல் 6 லட்சத்துக்கும் கீழே. பிள்ளைகள் நாளை அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ பிழைக்க வேண்டும், அங்கே இந்த மொழி சோறு போடாது என்பதால் பெற்றோரே வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறினார்கள்.

ஐரிஷ் தொடர்ந்து பேசப்பட்ட பகுதிகளைக் கேல்டக்ட் என்பார்கள். பெரும்பாலும் மேற்குக் கடலோரம், வறண்ட பாறை நிலம். அதில் ஒன்று கால்வே மாவட்டத்தின் கானமாரா. கடல்பாசியை முதுகில் சுமந்து வந்து பாறை மேல் கொட்டி, மண் உண்டாக்கி, அதில் கிழங்கு போட்ட மக்கள் அவர்கள்.

அங்கே ஸ்பிடல் என்ற ஊருக்குப் பக்கத்தில் சிறு விவசாயக் குடும்பம் ஒன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் ஓ கைன். கதை சொல்லிகள் நிறைந்த குடும்பம். எழுத்தில் அதிகம் இல்லாவிட்டாலும் வாயில் ஒரு பெரிய இலக்கியமே இருந்த ஊர். உதவித்தொகை கிடைத்து டப்ளினில் ஆசிரியர் பயிற்சி முடித்தார். 1926-ல் கிராமப்புறப் பள்ளி ஆசிரியரானார். அவர் வந்த வீட்டுக்கு அது பெரிய ஏற்றம். பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். வேலை, சம்பளம், ஊரில் மரியாதை, பாதிரியாரோடு நல்லுறவு. அவர் நிற்கவில்லை.

27 குடும்பங்கள்

1922-ல் சுதந்திர அயர்லாந்து அரசு அமைந்தது. ஐரிஷ் தேசிய மொழி ஆனது. பள்ளியில் கட்டாயம், அரசு வேலைக்குத் தேவை, மேடைதோறும் புகழ்ச்சி. நகரத்து நடுத்தர வர்க்கம் வார இறுதி வகுப்புகளில் மொழியைக் கற்றது. கோடை விடுமுறையில் கானமாராவுக்குப் போய் ஐரிஷ் பேசும் கிழவர்களைப் பார்த்துப் பரவசப்பட்டது. அதே நேரத்தில் அந்தக் கிழவர்களின் பிள்ளைகள் பாஸ்டனுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். மொழிக்கு மேடை கிடைத்தது. பேசுபவர்களுக்கு வேலையும் இல்லை, நிலமும் இல்லை.

ஓ கைன் இந்த இடத்தில்தான் கை வைத்தார். 1930-களில் அவரும் தோழர்களும் கானமாரா மக்களுக்கு நிலம் கேட்டு அமைப்பாகத் திரண்டார்கள். கிழக்கே மீத் மாவட்டத்தில் பழைய பெரும் பண்ணைகளின் கொழுத்த மேய்ச்சல் நிலம் கிடந்தது. ஒரு பக்கம் மாடு மேய நூற்றுக்கணக்கான ஏக்கர், இன்னொரு பக்கம் மனிதர்களுக்குப் பாறை. அந்த நிலத்தை வாங்கிப் பிரித்துக் கொடு, ஐரிஷ் பேசும் மக்கள் தனித்தனியாகச் சிதறாமல் ஒரே ஊராகக் குடியேறட்டும் என்பது கோரிக்கை. 1934-ல் ஒரு குழு கானமாராவிலிருந்து தலைநகர் டப்ளின் வரை சைக்கிளிலேயே போய் ஆட்சித் தலைவர் டி வலேராவிடம் கோரிக்கையை வைத்தது.

1935-ல் கானமாராவைச் சேர்ந்த 27 குடும்பங்கள் மீத் மாவட்டத்தில் ரா கார்ன் என்ற இடத்தில் வந்து இறங்கின. குடும்பத்துக்கு ஒரு வீடு, சுமார் 22 ஏக்கர் நிலம், தொடங்குவதற்குக் கொஞ்சம் கால்நடையும் கருவிகளும். உள்ளூரில் எதிர்ப்பு இருந்தது. எங்கள் பக்கத்து நிலம் எங்கள் ஊர் ஏழைகளுக்குத்தான் என்ற குரலும் எழுந்தது. அது முழுக்க அநியாயமான குரல் என்றும் சொல்ல முடியாது. ஏழைக்கு எதிராக ஏழையை நிறுத்துவது நிலப் பங்கீட்டில் எப்போதும் நடப்பதுதான். ஆனாலும் அந்தக் குடும்பங்கள் நிலைத்தன. மொழியும் நிலைத்தது. ரா கார்னை அதிகாரபூர்வமான கேல்டக்ட் பகுதியாக அரசு ஏற்க 1967 வரை, அதாவது 32 ஆண்டுகள், ஆயின. இன்றும் அங்கே ஐரிஷ் பேசுகிறார்கள்.

இளம் தோழர்கள் இதை உற்றுக் கவனிக்க வேண்டும். மொழியைக் காப்பாற்ற அகராதி வேண்டும், பள்ளி வேண்டும், இலக்கியம் வேண்டும் என்பார்கள். அவர் இவை எதையும் மறுக்கவில்லை. அரசின் அகராதிப் பணிக்காக கானமாராச் சொற்களைத் திரட்டிக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் பேசுகிறவன் கையில் நிலம் இல்லையென்றால் அந்தச் சொற்கள் அகராதிக்குள்ளேயே செத்துவிடும் என்பதைப் புரிந்துகொண்டிருந்தார்.

வேலை நீக்கமும் முகாமும்

அன்றைய அயர்லாந்தில் கிராமப் பள்ளிகளின் நிர்வாகம் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் இருந்தது. ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் பங்குப் பாதிரியார்; அவருக்கு மேலே ஆயர். ஓ கைன் ஐரிஷ் குடியரசுப் படையின் உறுப்பினராக இருந்தார். அது தடை செய்யப்பட்ட ஆயுத அமைப்பு. 1936-ல் அந்தக் காரணத்துக்காக அவருடைய வேலை பறிக்கப்பட்டது. முப்பது வயதில், பத்து ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர், தெருவில்.

அந்த ஆயுத அரசியலை நாம் தூக்கிப் பிடிக்கவில்லை. அவருக்கும் அதில் முரண்பாடு இருந்தது. 1938-ல் படையின் தலைமைக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், இங்கிலாந்தில் குண்டு வைக்கும் திட்டத்தோடு ஒத்துப்போகாமல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். கொடியை மாற்றினால் போதாது, நிலமும் பிழைப்பும் மக்கள் கைக்கு வர வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1916 எழுச்சியில் சுட்டுக் கொல்லப்பட்ட சோசலிஸ்ட் ஜேம்ஸ் கானலியின் வழி அது.

1940-ல் டோனி டார்சி என்ற கைதி 52 நாள் உண்ணாவிரதத்துக்குப் பின் இறந்தார். அவருடைய அடக்கத்தில் ஓ கைன் பேசினார். அதைத் தொடர்ந்து கைது செய்யப்பட்டார். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலம். நடுநிலை வகித்த அயர்லாந்து அரசு நூற்றுக்கணக்கானவர்களைக் கில்டேர் மாவட்டத்தின் கர்ரா முகாமில் அடைத்து வைத்திருந்தது. 1944 வரை அவர் அங்கே இருந்தார். ஒரு காலத்தில் நிலம் கேட்டுப் போய் நின்ற அதே டி வலேராவின் ஆட்சி அது.

முகாமில் அவர் சும்மா இருக்கவில்லை. உடனிருந்தவர்களுக்கு ஐரிஷ் வகுப்பு எடுத்தார். எழுத்தாளர் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதங்களில் புத்தகம் கேட்டார், இலக்கியம் பேசினார். அந்தக் கடிதங்கள் அவர் இறந்த பிறகு, 1973-ல், நூலாக வந்தன. பிரெஞ்சு, வேல்ஷ், பிரெட்டன் என்று பல மொழிகளைக் கற்றவர் அவர். வேலையிழந்த கிராம ஆசிரியரை ஐரோப்பிய அளவிலான எழுத்தாளராக்கியதில் அந்த நான்கு ஆண்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இதைச் சொல்வதால் சிறை நல்லது என்று ஆகிவிடாது. அவரிடமிருந்து நான்கு ஆண்டுகளை அரசு பறித்தது. அதை அவர் வேறொன்றாக மாற்றினார், அவ்வளவுதான்.

கார்க்கி திறந்த கதவு

எழுத்தாளர் ஆன கதையை அவரே தன் கடைசிக் காலத்தில் ஓர் உரையில் சொல்லியிருக்கிறார். மாக்சிம் கார்க்கியின் கதை ஒன்றைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறார். படித்ததும் அதிர்ந்து போனார். இப்படியும் கதை எழுதலாம் என்று இதுவரை ஏன் யாரும் சொல்லவில்லை என்று தோன்றியது. கார்க்கி எழுதிய ஏழைகள் தன் ஊர்க்காரர்கள்தான், பெயர்தான் வேறு; இதைத் தன்னாலும் எழுத முடியும் என்று உணர்ந்தார்.

நம்மில் பலருக்கு இப்படி ஒரு நாள் இருந்திருக்கும். பாடப் புத்தகத்தில் ஒருமுறைகூட நம் தெருவைப் பார்க்காமல் வளர்ந்து, ஏதோ ஒரு புத்தகத்தில் திடீரென்று நம் வீட்டைப் பார்த்த நாள்.

அவருடைய முதல் கதைத் தொகுப்பு 1939-ல் வந்தது. 1948-ல் வந்த இரண்டாவது தொகுப்பில்தான் முழு எழுத்தாளர் தெரிகிறார். அதில் ஒரு கதையில் பிரீட் என்ற பெண் முட்டையும் வெண்ணெயும் சுமந்து விடியும் முன்னே இருட்டில் நகரத்துச் சந்தைக்கு நடக்கிறாள். கதை என்று வேறு எதுவுமில்லை. அந்த நடையும், முதுகில் அறுக்கும் கயிறும், குழந்தைகள் பற்றிய நினைப்பும்தான். இன்னொரு கதையில் பல ஆண்டு அமெரிக்காவில் உழைத்துவிட்டுத் திரும்பிப் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, கடற்கரையில் கடல்பாசி அறுக்கும் கூட்டத்தோடு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறாள். அவள் மென்மையாகிவிட்ட கைகளை மற்றவர்கள் பார்க்கும் பார்வையில் இரக்கம் இல்லை. ஊர் என்றால் அன்பு, நகரம் என்றால் கொடுமை என்ற எளிய கணக்கு அவரிடம் கிடையாது.

விலை போட்ட இடுகாடு

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம்.

ஓ கைனின் பெரும் படைப்பு 1949 என்று ஆண்டிட்டு வெளிவந்த நாவல். ஐரிஷில் 'க்ரே ந கில்லெ'. இடுகாட்டு மண் என்று பொருள். நாவலின் பாத்திரங்கள் எல்லோரும் செத்தவர்கள். எல்லோரும் மண்ணுக்கடியில் படுத்துக்கொண்டு ஓயாமல் பேசுகிறார்கள். நாவல் ஏறக்குறைய முழுவதும் பேச்சுதான்.

கட்ரீனா என்ற கிழவி புதிதாக வந்து சேர்கிறாள். சொர்க்கமா நரகமா என்ற கவலை அவளுக்கு இல்லை. தன்னை எந்தக் குழியில் போட்டார்கள் என்பதுதான் முதல் கவலை. அந்த இடுகாட்டில் மூன்று வகுப்பு. ஒரு பவுண்டு குழி, பதினைந்து ஷில்லிங் குழி, அரை கினி, அதாவது பத்தரை ஷில்லிங் குழி. பவுண்டு குழியில் படுக்க வேண்டிய தன்னை மகன் பதினைந்து ஷில்லிங் குழியில் போட்டுவிட்டான் என்று தெரிந்ததும் அவள் ஆத்திரம் ஆரம்பிக்கிறது. மண்ணுக்கடியில் தேர்தல்கூட நடக்கிறது. குழியின் விலைப்படி மூன்று கட்சி. உடல் மக்கிக்கொண்டிருக்கும்போதும் அந்தஸ்து மக்கவில்லை. செத்த பிறகும் வரிசை பார்க்கும் இடுகாட்டைப் பற்றி இந்த வலைப்பூவின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கட்ரீனாவுக்கு வெளியில் உயிரோடு இருக்கும் தங்கை நெல் மீது அடங்காத வெறுப்பு. தான் விரும்பிய ஆணை அவள் கட்டிக்கொண்டாள். அமெரிக்காவில் இருக்கும் சகோதரி யாருக்கு உயில் எழுதுவாள்? ஊரில் தனிக்கட்டையாக இருக்கும் கிழவனின் துண்டு நிலம் யாருக்குப் போகும்? புதிதாகப் புதைக்க யார் வந்தாலும் கட்ரீனா இதைத்தான் விசாரிக்கிறாள். தன் தலைமாட்டில் சிலுவைக்கல் வைப்பார்கள் என்று காத்திருக்கிறாள். நாவல் முடியும்வரை அந்தக் கல் வருவதில்லை.

இதில் பள்ளி வாத்தியார் இருக்கிறார். தன் மனைவி தபால்காரரை மறுமணம் செய்துகொண்ட செய்தி கேட்டுச் சாபமிடுகிறார். பண்பாடு, இலக்கியம் என்று பீற்றிக்கொள்ளும் சம்பந்தியம்மா இருக்கிறார். விமான விபத்தில் இறந்து இங்கே அடக்கமான பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஐரிஷ் கற்றுக்கொள்ள முயல்கிறார். எல்லோரும் ஒருவரையொருவர் திட்டுகிறார்கள். சிரிக்காமல் படிக்க முடியாது.

அரசும் திருச்சபையும் கேல்டக்ட் மக்களைப் பற்றி வேறொரு படத்தை வைத்திருந்தன. ஏழைதான், ஆனால் பக்தி மிகுந்தவர். படிக்காதவர்தான், ஆனால் பண்பாட்டின் காவலர். துன்பத்தைப் பொறுமையாகத் தாங்குகிறவர். கேட்க உயர்வாகத்தான் இருக்கும். ஆனால் பொறுமையாகத் தாங்குகிறவருக்கு யாரும் நிலம் கொடுக்க மாட்டார்கள். புனிதமாக்கப்பட்ட மனிதன் கோபப்படக்கூடாது, ஆசைப்படக்கூடாது, கேட்கக்கூடாது. புகழ்ச்சியும் ஒரு சிறைதான்.

ஓ கைன் அந்தப் படத்தை உடைத்தார். தன் மக்களைப் பொறாமையோடும் கெட்ட வார்த்தையோடும் தந்திரத்தோடும் எழுதினார். அதே நேரம் அந்தச் சண்டை எதைச் சுற்றி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு துண்டு நிலம். அமெரிக்காவிலிருந்து வரக்கூடிய கொஞ்சம் பணம். ஒரு கல். பற்றாக்குறையில் வைக்கப்பட்ட மக்கள் மேலே இருப்பவனை எட்ட முடியாமல் பக்கத்தில் இருப்பவனைப் பிறாண்டுகிறார்கள். நாவல் இதைப் பிரசங்கமாகச் சொல்வதில்லை. கட்ரீனாவை மன்னிக்கவும் சொல்வதில்லை. அவளைப் பேச விடுகிறது, நம்மைக் கேட்க வைக்கிறது.

அரசு வெளியீட்டு நிறுவனமான 'அன் கூம்' இந்த நாவலை ஏற்கவில்லை. 1947-ல் தேசிய ஐரிஷ் விழாவில் பரிசு பெற்ற படைப்பு அது. 1949-ல் 'ஐரிஷ் பிரஸ்' நாளிதழ் அதைத் தொடராக வெளியிட்டது. அது டி வலேரா தொடங்கிய பத்திரிகை என்பது வரலாற்றின் கிண்டல். பிறகு சாய்ர்சேல் அகஸ் டில் என்ற சிறு பதிப்பகம் அதை நூலாகக் கொண்டுவந்தது. நார்வேஜிய மொழியில் 1995-லும் டேனிஷ் மொழியில் 2000-லும் வந்த பிறகுதான், 2015-லும் 2016-லும், ஆங்கிலத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகள் நூலாக வெளிவந்தன. ஆங்கிலம் பேசும் உலகம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் படிக்க முடியாமலே இருந்தது. அதனால் அது சின்ன நாவல் ஆகிவிடவில்லை.

பூட்டிய அறை

முகாமிலிருந்து வெளியே வந்தபோது ஆசிரியர் வேலை கிடையாது. சில காலம் டப்ளினில் கிடைத்த வேலையைச் செய்தார். 1945-ல் மாரீன் என்ற ஆசிரியையை மணந்தார். 1940-களின் கடைசியில் நாடாளுமன்ற மொழிபெயர்ப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. சட்டங்களையும் அரசு ஆவணங்களையும் ஐரிஷில் மாற்றும் வேலை. மக்கள் பேச ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்த மொழியில், பெரும்பாலும் யாரும் படிக்காத காகிதங்களைக் குவிக்கும் இடம் அது.

அந்த அனுபவத்திலிருந்து 'சாவி' என்ற நெடுங்கதை பிறந்தது. 1967 தொகுப்பில் இருக்கிறது. கோப்புகளைப் பாதுகாக்கும் கடைநிலை ஊழியர் ஒருவர் அறைக்குள் மாட்டிக்கொள்கிறார். சாவி பூட்டில் முறிந்துவிட்டது. நீண்ட விடுமுறை. வெளியே ஆட்கள் இருக்கிறார்கள், பேசுகிறார்கள், அனுதாபப்படுகிறார்கள். ஆனால் கதவை உடைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. உரிய பிரிவின் உத்தரவு வேண்டும். உத்தரவு வருவதற்குள் அவர் செத்துப்போகிறார். அரசு அலுவலகங்களில் மனுக்களோடு அலைந்து பழகியவர்கள் இந்தக் கதையைப் படிக்கும்போது அது அயர்லாந்தில் நடக்கிறது என்பதே மறந்துவிடும். அந்தத் தொகுப்புக்கு அவ்வாண்டு 2000 பவுண்டு பட்லர் பரிசு கிடைத்தது.

1956-ல் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி அவரை ஐரிஷ் விரிவுரையாளராக எடுத்துக்கொண்டது. எலிசபெத் ராணி காலத்தில், 1592-ல் ஆங்கிலேய ஆதிக்கத்தின் அடையாளமாக நிறுவப்பட்ட கல்லூரி. பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்காதவர், வேலை நீக்கப்பட்ட கிராம ஆசிரியர், முன்னாள் கைதி. 1969-ல் அங்கேயே பேராசிரியரானார்.

மிஷ்னக்

பதவி வந்ததும் அடங்கிவிடுகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இவர் அறுபதை நெருங்கும் வயதில் 'மிஷ்னக்' என்ற அமைப்பைத் தோழர்களோடு கட்டினார். துணிவு என்று பொருள். 1966-ல் ஈஸ்டர் எழுச்சியின் 50-ஆம் ஆண்டை அரசு ஆடம்பரமாகக் கொண்டாடியபோது, மிஷ்னக் உறுப்பினர்கள் டப்ளினிலும் பெல்ஃபாஸ்டிலும் ஒரு வாரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். எந்தக் கனவுக்காக அந்தத் தியாகிகள் செத்தார்களோ அதைப் புதைத்துவிட்டுச் சிலைக்கு மாலை போடாதே என்பது செய்தி. வேல்ஷ் மொழியின் கதி பற்றி சாண்டர்ஸ் லூயிஸ் 1962-ல் வானொலியில் ஆற்றிய உரையை அடுத்த ஆண்டே ஐரிஷில் மொழிபெயர்த்து வெளியிட்டார் ஓ கைன். பக்கத்து மொழியின் போராட்டத்திலிருந்து கற்க அவர் வெட்கப்படவில்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் வட அயர்லாந்தில் ஓர் இயக்கத்தைத் தூண்டியது. அங்கிருந்து அந்தப் பொறி கானமாராவுக்கும் வந்தது. 1969-ல் கானமாரா இளைஞர்கள் கேல்டக்ட் குடியுரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். மொழியைப் பாராட்ட வேண்டாம், வேலையும் வானொலியும் உள்ளாட்சி அதிகாரமும் கொடு என்றார்கள். முதிய ஓ கைன் அவர்கள் பக்கம் நின்றார். 35 ஆண்டுகளுக்கு முன் நிலம் கேட்டவரின் குரலைத்தான் அந்த இளைஞர்கள் தங்கள் மொழியில் மறுபடி எழுப்பினார்கள். அதே கறுப்பின எழுச்சியின் பெயரை எடுத்துக்கொண்டுதான் 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பிறந்தது. போராட்டங்கள் ஒன்றையொன்று நேரில் சந்திக்காமலே கற்றுக்கொள்கின்றன.

1970-ல் அந்த இளைஞர்கள் அனுமதியில்லாமல் சொந்த வானொலி நடத்திக் காட்டினார்கள். 1972-ல் அரசே ஐரிஷ் மொழி வானொலியைத் தொடங்க வேண்டி வந்தது. 1996-ல் தொலைக்காட்சியும் வந்தது. இவற்றைப் பார்க்க ஓ கைன் இல்லை. 1970 அக்டோபர் 18 அன்று டப்ளினில் இறந்தார். மனைவி ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1965-ல், போய்விட்டார்.

நமக்கு என்ன?

அவர் வென்றாரா? ரா கார்ன் இருக்கிறது, வானொலி இருக்கிறது, நாவல் இருக்கிறது. ஆனால் 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 18.7 லட்சம் பேர். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்றவர்கள் சுமார் 72,000 பேர் மட்டுமே. அவர்களிலும் கேல்டக்ட் பகுதிகளில் வாழ்பவர்கள் சுமார் 20,000 பேர்தான். மேடைக்கும் வீட்டுக்கும் நடுவே அவர் காட்டிய பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அந்த மாணவிக்கு நாம் இப்போது என்ன சொல்வோம்? எழுதுங்கள் என்போம். ஆனால் ஓ கைன் எப்படிப்பட்ட இடத்திலிருந்து எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். அவர் தூரத்தில் நின்று ஊரைக் கேலி செய்யவில்லை. ஊருக்கு நிலம் கேட்டு நடந்தவர், அதற்காக வேலையையும் விடுதலையையும் இழந்தவர், கட்ரீனாவை எழுதினார். கட்ரீனாவின் வசை அவருடைய சொந்த ஊரின் வசை. அவர்கள் வாய்மொழியை ஓர் எழுத்தும் நாகரிகப்படுத்தாமல் அப்படியே இலக்கியம் ஆக்கினார். நம் ஆட்கள் நல்லவர்கள் என்பதால் அவர்களுக்கு உரிமை வர வேண்டும் என்று அவர் ஒருபோதும் வாதாடவில்லை. புறணி பேசுகிறவளுக்கும் நிலம் வேண்டும். பொறாமைக்காரனுக்கும் கூலி வேண்டும். உரிமை என்பது நன்னடத்தைச் சான்றிதழ் காட்டி வாங்குவது அல்ல.

அடிப்பவர்கள் நம்மை அடிக்க நம் கதைக்காகக் காத்திருக்கவில்லை. அவர்களுக்குப் பயந்து நம் பாட்டிமார்களைப் புனிதவதிகளாக மாற்றினால், கடைசியில் நாம் யாரை எழுதினோம் என்று நமக்கே தெரியாமல் போகும்.

அந்த மாணவி தன் பெரியம்மாவைப் பற்றி ஒரு கதை எழுதத் தொடங்கியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் படிப்பதாகச் சொல்லியிருக்கிறார். பெரியம்மா கொஞ்சம் வாய்த்துடுக்கு உள்ளவர் என்று கேள்வி. காத்திருக்கிறோம்.